செண்பகம் தேர்ந்த கழை

பாலாறு எனப் பெயர் பூண்டும், ஆண்டில் பத்துத் திங்கள் பாலுமின்றி நீருமின்றி வெண்மணலையே அலையலையாக விரித்துக் கிடக்கும் அப்பேராற்றுக்குத் தெற்கே, ஏலகிரி ஒருபுறமும் சவ்வாது மலைத்தொடர் மறுபுறமும் நீலத் திரையெனத் தொங்க, இடைப்பட்ட நிலமெல்லாம் நெல்லும் தென்னையுமாய்ப் பசந்து கிடக்கும் நாட்டினைப் படிப்போர் தம் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வாராக. இருபதாம் நூற்றாண்டு பிறந்து பத்தாண்டுகள் சென்றிருந்த காலம் அது, பொழுதோ விடியற்பொழுது. கீழ்வானம் வெளுக்குமுன்னரே ஆம்பூர்ப் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பு எழுந்து, தோப்புகளைக் கடந்து, வரப்புகளில் தவழ்ந்து, மலையடியில் மோதி மெல்லத் தேய்ந்தது. அதன் பின்னே, தோல் பதனிடும் கூடங்களில் ஆவாரம்பட்டை இடிக்கும் உலக்கைகளின் ஒலி ஒன்றையொன்று துரத்துவது போலத் தொடங்கியது. சுண்ணாம்புக் குழிகளின் காரநெடியும் ஊறிய பட்டையின் துவர்மணமும் கலந்து காற்றில் மிதந்தன. வழிப்போக்கர் அதற்கு மூக்கைப் பொத்துவர். அங்குப் பிறந்து வளர்ந்தவரோ அது வீசாத நாளில்தான் ஏதோ குறைந்ததென்று தலையைத் தூக்கிப் பார்ப்பர்.

அந்நாட்டின் நடுவே, கால்காத நீளமுள்ள மண்கரையைப் பிறைபோல் வளைத்து, மலைநீர் அனைத்தையும் மடியில் ஏந்திக் கிடந்தது விளாம்பட்டு ஏரி. எந்த வேந்தன் வெட்டினான், எத்தனை ஆயிரம் தோள்கள் மண் சுமந்தன என்பதை அறிந்தார் ஒருவருமிலர். அதன் கரைக்குக் கீழே ஏழு ஊர்கள் இருந்தன. அவ்வூரார் தம் கூரைகளைவிட உயரத்தில் ஒரு கடல் நின்றுகொண்டிருக்கிறது என்பதை நினையாமலே உண்டனர், உறங்கினர், மணமுடித்தனர். மலையடியில் வாழ்வோர் மலையை நினைப்பதில்லை அன்றோ?

ஏரியில் மீன்பிடிக்கும் செம்படவருள் காசி என்பவன் ஒருவன். வலையை வட்டமாக விரித்து எறிவதில் அவனுக்கு இணை அவனே. அவன் எறியும் வலை, வானத்தில் ஒரு நொடி நிலவெனத் தங்கி, ஓசையின்றி நீரில் இறங்கும். முன்னாளில் அவன் தம்பி தோணியின் பின்புறம் நின்று கழை ஊன்றித் தள்ளி வந்தான். அத்தம்பி கோலார்ப் பொன்சுரங்கத்திற்குப் போய்விட்ட ஆண்டில், வேறு துணை கிட்டாமையால் காசியின் மனைவி செண்பகம் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கழையை எடுத்தாள். பெண்ணொருத்தி தோணி தள்ளுவதா என்று துறையில் நின்று நகைத்தவர் பலர். ஓராண்டு கழியுமுன் அந்நகை ஓய்ந்தது. ஏனெனில் மற்றவர் தோணிகள் மரவேரிலும் கல்லிலும் முட்டி நின்ற இடங்களில் எல்லாம் காசியின் தோணி வெண்ணெயில் ஓடும் கத்திபோல் ஓடியது.

அவ்வேரியின் நீர் செம்மண் கலங்கிய நீர். ஒரு முழத்துக்குக் கீழே கண் எதனையும் காணாது. மார்பளவே ஆழமுள்ள படுகைகளில் தோணியைச் செலுத்துவோர்க்கு உள்ளங்கையே கண். கழையின் அடி மணலில் பட்டால் ஒருவகைச் சிலிர்ப்பு. நத்தை ஓடுகள் கிடக்கும் தரையில் பட்டால் வேறுவகை நொறுக்கு. விரால் பதுங்கும் அடர்சேற்றில் இறங்கினாலோ துயில்வான் ஒருவனின் மூச்சைத் தொட்டது போன்ற மென்மை. ஏனையோர் கழைகொண்டு தோணியைத் தள்ளினர். செண்பகம் கழைகொண்டு ஏரியைப் படித்தாள். ஒன்பது ஆண்டுகள் அவ்வாறு படித்தபின், தைத்திங்களின் ஒரு நாளில், பழங்கழை வேரிடுக்கில் சிக்கி நடுவே முறிந்தது.

புதுக்கழை வேண்டும். மூங்கிலுக்குச் சவ்வாது மலையே தாய்வீடு. இருவரும் கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு விடியலில் புறப்பட்டு, மாலைக்குள் முதல் மேட்டையும் மறுநாள் முற்பகலில் இரண்டாம் மேட்டையும் ஏறிக் கடந்தபோது, ஆங்கே அவர்கள் கண்ட காட்சியை உரைக்க என் சொல்லுக்கு வலியில்லை.

மலை முழுவதும் பூத்திருந்தது. ஓரிடத்து ஒரு புதர் பூத்ததன்று. கண்ணுக்கெட்டிய சரிவெல்லாம், பள்ளமெல்லாம், முகடெல்லாம், எண்ணற்ற மூங்கிற் கூட்டங்கள் தம் இலைகளை உதிர்த்துவிட்டு, கணுதோறும் வைக்கோல் நிறத்துப் பூங்கொத்துகளைச் சுமந்து, காற்றுக்குத் தலைசாய்த்து நின்றன. பசுமையென்பதே அங்கில்லை. முதுமையெய்திய ஒரு பெருமக்கட்கூட்டம் ஒரே நாளில் நரைத்துவிட்டது போலிருந்தது அது. ஒரு சரிவில் காற்று வீசுகையில், மழை வருவது போன்ற இரைச்சல் எழுந்து, மலைக்கு மலை தாவி, நெடுந்தொலைவில் அடங்கியது. செண்பகம் நடப்பதை மறந்து நின்றாள். காசியும் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மூங்கில் வெட்டித் தரும் மலைவாணன் சடையன் என்பான் அவர்களைத் தன் குடிலுக்கு முன் எதிர்கொண்டான். நாற்பது கழைகளைத் தேய்பிறையில் வெட்டிப் பாறைமேல் வரிசையாகக் கிடத்தியிருந்தான்.

"எல்லாம் சாவப்போவுது," என்றான் அவன், மலையை நோக்கிக் கைநீட்டி. "பூத்த மூங்கில் பொழைக்காது தாயி. எங்கப்பன் ஒருவாட்டி பாத்தான், இப்ப நான் பாக்கறேன். வெதை வுழுந்து, மொளைச்சு, மறுபடியும் கழி வெட்டறதுக்குப் பதினஞ்சு வருசம் ஆவும். இந்த வருசம் எடுத்தாத்தான் உண்டு. நல்லதாப் பாத்து எடுத்துக்கோ."

"வெட்டனது எல்லாம் உசுரோட வெட்டனதா, காஞ்சப்புறம் வெட்டனதா?" என்று கேட்டாள் செண்பகம்.

"பூ வெக்கறப்பவே வெட்டனது. காஞ்சப்புறம் வெட்டனா விறகுக்குத்தான் ஆவும்."

காசி கழைகளினூடே நடந்து, ஒன்றைத் தூக்கி நிறுத்தினான். அடிமுதல் நுனிவரை ஓர் ஊசிக்கோணலும் இன்றி, கணுக்கள் வழுவழுப்பாய், வீரன் கைவேல் போல அது நின்றது. "இத பாரு," என்றான் மகிழ்ந்து. "இதவிட இன்னா வேணும் உனக்கு?"

அவள் அதனைக் கையில் வாங்கி, நடுவே ஒரு விரலால் தாங்கி எடை பார்த்தாள், ஒரு முனையைப் பாறையில் ஊன்றி, தன் முழு எடையும் சாய்த்து வளைவு பார்த்தாள், குறையொன்றும் இல்லை. பின் அதனைப் படுக்கவைத்து, தலைமுனையில் உள்ளங்கையை அழுத்திக் கண்மூடி அமர்ந்து, "அந்தக் கோடியில ஒரு முள்ளால மெல்லக் கீறு," என்றாள். காசி குனிந்து கீறினான். அவள் தலையசைத்தாள்.

"இன்னா?"

"நேராத்தான் கீது. ஆனா ஒண்ணும் சொல்லலியே."

அவ்வாறே அடுத்தது, அதற்கடுத்தது. உச்சிவெயில் ஏறிற்று, பாறை சுட்டது. இருபது கழைகள் ஊமையாயின. சில உட்புறம் பொந்தாய் இருந்து முனகின. சில கல்லைப்போல் கெட்டியாய் இருந்தும் நடுவழியிலேயே கீறலை விழுங்கிவிட்டன. சடையன் முதலில் நகைத்தான். பின் தானும் ஒரு முள்ளை எடுத்துக்கொண்டு காசிக்கு மாற்றாய் அமர்ந்தான். முப்பத்திரண்டாவது கழையில், முள்ளின் நுனி படுமுன்னரே, ஓர் எறும்பு அவ்வடிமுனையில் ஊர்ந்துகொண்டிருந்தபோதே, செண்பகத்தின் முகம் மாறியது.

"கீறாதே," என்றாள் மெல்ல. "அங்க எதுவோ ஓடுது."

காசி குனிந்து எறும்பைக் கண்டான். தன் மனைவியை நிமிர்ந்து நோக்கினான். இரண்டரை ஆள் நீளத்துக்கு அப்பால் ஊரும் எறும்பின் கால்களை அவள் கை அறிந்தது! நாள்தோறும் தன் அருகில் சோறுண்டு, தன்னை ஏசி, தன்னோடு உறங்கிய பெண்ணுக்குள் இத்தகைய ஒன்று இருந்ததை இந்நாள்வரை தான் காணவில்லையே என்னும் வியப்பும், அவ்வியப்பினின்று பிறந்த ஒருவகை அச்சமும் அவன் நெஞ்சில் புகுந்தன. ஆயினும் கழையைத் தூக்கிப் பார்த்தவுடன் அவன் முகம் சுருங்கியது. மேற்பகுதியில், ஆறாம் கணுவருகே, அது இடப்புறமாகச் சற்றே வளைந்திருந்தது.

"கோணலா கீதேடி. துறையில நாலு பேரு சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். தண்ணிக்குள்ள கீற சேதிய அவனுங்களா எனக்குச் சொல்லப் போறானுங்க?"

 காசி வேல் போன்ற கழையை ஒருமுறை ஏக்கத்தோடு திரும்பிப் பார்த்துவிட்டு, கோணற்கழையைத் தோளில் ஏற்றினான்.

மூன்று கிழமை அதனை ஏரிச்சேற்றில் புதைத்து வைத்து, பின் எடுத்து நிழலில் உலர்த்தி, அனலில் வாட்டி, புங்கெண்ணெய் தேய்த்தனர். அடுத்து அதற்கு அடி வேண்டும். வெறுங்கழை சேற்றில் ஆழப் புதைந்துவிடும். ஆதலால் அகன்ற அடியொன்றைக் கட்டுவது அங்குள்ளோர் வழக்கம். பலர் மரத்துண்டைக் கட்டினர். மரத்துண்டு கட்டினால் கழையின் பேச்சு மழுங்கும் என்று செண்பகம் அஞ்சினாள். அஞ்சி, கரைக்குக் கீழே இருந்த தோற்கூடத்துக்குச் சென்றாள்.

அக்கூடத்தின் உடையவர் அப்துல் ஹமீத். ஐம்பதைக் கடந்தவர், சுண்ணாம்பும் துவரும் தின்ற விரல்கள், பேச்சில் சிக்கனம் உடையவர். அவள் வேண்டுவதைக் கேட்டபின் உள்ளே சென்று, பதனிட்ட எருமைத்தோல்கள் ஐந்தாறை எடுத்துவந்து, கண்களை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றின் மேலும் விரல்நுனிகளை ஓட்டினார். அதனைக் கண்ட செண்பகம் தன்னையறியாமல் ஒரு படி முன்னே வந்தாள். தன் மொழி பேசும் ஒருவரை அயலூரில் கண்டவளைப்போல.

"ஜாஸ்தி கனமாப் போட்டா ஊமையாய்டும்," என்றார் அவர் கண்திறவாமலே. "கம்மியாப் போட்டா கல்லுல கிழிஞ்சுடும். இதோ, இந்த இடம். வயித்துக்கும் முதுகுக்கும் நடுவுல. இதுதான் உனக்கு."

"பாக்காமலே எப்படிங்க சாயபு தெரியுது?"

"பாத்தா தோலோட நெறம்தாம்மா தெரியும். தொட்டாத்தான் மாடு தெரியும்."

பிரம்பை ஒருசாண் வளையமாக வளைத்து, குறுக்குச் சட்டமிட்டுக் கழையின் அடியில் பிணித்து, ஈரத்தோலை அதன்மேல் இழுத்துத் தைத்து எண்ணெயூட்டினார். உலர்ந்தபோது அது பறைமுகம் போல் விறைத்து நின்றது. விரலால் தட்டியவுடன் கழை முழுதும் ஒலித்தது. கூலி ஏதும் பெற மறுத்தார். மறுநாள் காசி ஒரு பெரிய விராலைக் கொண்டுபோய் அவர் வாயிலில் வைத்துவிட்டு வந்தான்.

கோடையெல்லாம் ஏரி வற்றவற்ற, முழங்கால் நீரிலும் அவள் அக்கழையூன்றித் தோணி செலுத்தினாள். துறையில் சிரிப்பு எழத்தான் செய்தது. அவளோ, புதுமணப்பெண் புகுந்த வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் அறிவது போல, ஏரியின் ஒவ்வொரு குழியையும் கல்லையும் புதுக்கழையின் வழியே மீண்டும் கற்றாள்.

ஐப்பசி வந்தது. அவ்வாண்டு பெய்தது போன்ற மழையைப் பெரியோரும் கண்டதில்லை. ஆறு நாள் வானம் பகலென்றும் இரவென்றும் பாராது கொட்டியது. மலையோடைகள் யானைக்கூட்டமெனப் பிளிறி இறங்கின. ஏழாம் நாள் காலை மழை விட்டு வெயில் எறித்தபோது, ஏரி தன் கரையின் விளிம்புவரை நிறைந்து, மலைகளையும் முகில்களையும் தலைகீழாகத் தன்னுள் வாங்கி, அசைவின்றிக் கிடந்தது. கலங்கல் என்னும் வடிகால் வழியே மிகைநீர் வெள்ளித்தகடாய் வழிந்தது. கரைமேல் நின்றோர் பேசத் துணியவில்லை. வயிறு நிறைந்து துயிலும் வேங்கையின் அருகில் யார்தான் உரக்கப் பேசுவர்?

கரையோரத்துக்கு மீன் ஒதுங்கும் நாள் அது. காசியும் செண்பகமும் தோணியை இறக்கினர். கரையின் நடுப்பகுதியில், முன்னோர் என்றோ கல்லும் களிமண்ணும் இட்டு மூடிவிட்ட பழைய மதகு ஒன்று உண்டு. அங்கே வண்டல் மேடிட்டதால், நிறைந்த ஏரியிலும் ஒன்றரை ஆள் ஆழமே இருக்கும். காசி வலையைத் தோளில் ஏற்றினான். செண்பகம் கழையை ஊன்றினாள், ஊன்றியவள் அசையவில்லை.

"தள்ளு," என்றான் காசி.

"இரு."

"இன்னா ஆச்சு?"

"யாரோ இழுக்கறாங்க," என்றாள். முந்தானையைக் குழந்தை பற்றி இழுப்பது போன்றதோர் இழுப்பு, மிக மெல்லியது, ஆனால் ஓயாதது.

"சேறுதான். வேறென்ன?"

"சேறு புடிக்கும். எடுக்கறப்பதான் தெரியும். இது வெச்சப்பவே இழுக்குது." அவள் கழையை ஒரு முழம் கரைப்பக்கம் நகர்த்தினாள், இழுப்பு வலுத்தது. இன்னும் ஒரு முழம் நகர்த்தினாள். அடியிலிருந்த தோல்வளையம் சட்டெனச் சாய்ந்து, கழை அவள் கைகளில் துடித்தது.  "கரைக்குள்ள ஓட்டை வுழுந்திருக்குது. தண்ணி உள்ள போவுது."

இருவரும் கரையேறி மறுபுறச் சரிவில் இறங்கிப் பார்த்தனர். பனைமரங்களின் தூரில், சுண்டுவிரல் பருமனில், பளிங்கு போன்ற நீர் கசிந்துகொண்டிருந்தது. செய்தியறிந்து ஊர் மணியக்காரர் வேலாயுதம் வந்தார். முப்பது மழைக்காலங்களில் அக்கரையைக் காத்தவர், கடுஞ்சொல் பேசாதவர். குனிந்து அந்நீரைக் கையில் ஏந்தி நோக்கினார்.

"தெளிஞ்ச தண்ணிம்மா. வருசாவருசம் இப்படிக் கசியறதுதான். கலங்கித் தள்ளுனாத்தான் கெட்டது. கலங்கலை வெட்டி ஏரியை வடியவுட்டா ஏழு ஊரு நெல்லும் போச்சு. ஒரு பொம்பளை கையில ஏதோ இழுத்துச்சுன்னு நான் வெட்டச் சொல்ல முடியுமா? நீயே சொல்லு."

அவர் சொல்லில் நேர்மை இருந்தது. அதனைச் செண்பகமும் உணர்ந்தாள். "நான் வெட்டச் சொல்லலீங்க," என்றாள். "வந்து கழியப் புடிச்சுப் பாருங்கன்னுதான் சொல்றேன்."

வேலாயுதம் தோணியில் ஏறிக் கழையைப் பற்றினார். நெடுநேரம் பற்றியிருந்தும் அவர் கைக்கு ஒன்றும் எட்டவில்லை. கையை விரித்து வருத்தத்தோடு தலையசைத்தார். அவ்வேளையில், தம் கூடத்துக்கு மேலே கூட்டம் நிற்பதைக் கண்டு அப்துல் ஹமீதும் கரையேறி வந்திருந்தார். ஒருவரும் அழைக்குமுன் தோணியில் இறங்கி, கழையின் மேல் பத்து விரல்களையும் வைத்துக் கண்களை மூடினார்.  அவர் புருவம் மெல்ல நெரிந்தது.

"யா அல்லா," என்றார். "உசுரு கீற மாதிரி இழுக்குதே!" கண்திறந்து மணியக்காரரை நோக்கினார். "அய்யா, என் கூடம் இதுக்கு நேர் கீழ கீது. உள்ள அறுபது பேரு வேலை செய்யறாங்க. நான் அவங்களை மேல வரச்சொல்றேன். நீங்க இன்னா செய்யணுமோ செய்ங்க."

அவர் சொல்லி முடிக்குமுன், பனைமரத்தடியில் நின்ற ஒருவன் கூவினான். சுண்டுவிரலாயிருந்த கசிவு கைப்பருமனாகியிருந்தது. நீர் செந்நிறமாய்க் கலங்கி, நுரைத்து, மண்ணை உமிழ்ந்தது.

இனி நிகழ்ந்ததை எண்ணுங்கால் இன்றும் உடல் சிலிர்க்கிறது. வேலாயுதம் ஏழு ஊருக்கும் ஆளோட்டினார்; கலங்கலை வெட்டவும் ஆளனுப்பினார். ஆனால் அத்துணைப் பெரிய ஏரி வடிய நாட்கள் ஆகும். கரையோ நாழிகைக்குள் விடைகேட்டது. வைக்கோற் கட்டுகளை எறிந்தனர், அவை மிதந்தன. மூழ்கி அடைக்கத் துணிந்த காசியைச் செண்பகம் சேலைத்தலைப்பால் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தாள்: "போனா அந்தப் பக்கம் பொணமா வருவ!" அப்போது அப்துல் ஹமீத் கீழே நோக்கித் தம் ஆட்களுக்குக் குரல் கொடுத்தார்: "தோலு! எல்லாத் தோலையும் கொண்டாங்க! குழியில ஊறறது, காயறது, கட்டி வெச்சது, எதையும் வுடாதீங்க!"

இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவருமாகிய அறுபது தொழிலாளர் நீர் சொட்டும் எருமைத்தோல்களைத் தோளிலும் தலையிலும் சுமந்து, எறும்பு வரிசையெனச் சரிவில் ஏறினர். தோணியை நாற்புறமும் கயிறுகட்டிக் கரையில் பதின்மர் இழுத்துப் பிடிக்க, முதல் தோலை நீரில் விரித்து, செண்பகம் கழையின் அடியால் அதனைக் கீழே அழுத்தினாள். நொடியில் அது கையைவிட்டு மறைந்தது. அடுத்த நொடியில் கரைக்கு அப்பால் பெருங்கூச்சல் எழுந்தது; அத்தோல் பாம்பின் சட்டை போல் முறுக்குண்டு, பனைமரத்தடியில் வெளியே வந்து விழுந்திருந்தது. ஓர் எருமையின் முழுத்தோலை அந்த வாய் விழுங்கி உமிழ்ந்துவிட்டது! கண்டோர் கைகூப்பினர், சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுநிலம் நோக்கி ஓடினர்.

"நாலு நாலாச் சேத்துத் தைங்க!" என்றார் ஹமீத். தோல்வாரும் ஊசியுமாகப் பன்னிருவர் கரைமேலேயே அமர்ந்து, தாமும் ஒருவராய் அவரும் அமர்ந்து, தைத்தனர். விளிம்புகளில் கற்களைப் பொதிந்து, நான்கு தோல் ஒன்றாகிய பெரும்போர்வையை நீரில் இறக்கினர். செண்பகம் அதன் நடுவில் கழையை ஊன்றினாள். இழுப்பு வந்து அவளைத் தோணியோடு சாய்த்தது. காசி பின்னின்று அவள் இடையைக் கட்டிக்கொண்டான். கழை வில்லென வளைந்தது. முறியும் என்று எல்லோரும் எண்ணிய அந்நொடியில், நீருக்கடியில் ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டது போல் மெல்ல அடங்கிற்று. பனைமரத்தடியில் நின்றவன், "கம்மியாவுது! கம்மியாவுது!" என்று குதித்தான்.

ஆனால் தோற்போர்வை நழுவாதிருக்க அதன்மேல் அழுத்தம் வேண்டும். சுற்றிலும் களிமண் இறங்கும்வரை கழையை எடுக்கலாகாது. உச்சிப்பொழுதில் ஊன்றிய கழை அது. ஏழு ஊர் ஆடவரும் மகளிரும் கூடைகூடையாகக் களிமண் சுமந்தனர். மணியக்காரர் வேலாயுதமும் மேலாடையைக் களைந்து வரிசையில் நின்றார். காசி மனைவியின் தோள்கள் நடுங்குவதைக் கண்டு, "நீ வுடு. நான் புடிக்கறேன்," என்றான்.

"நீ புடிச்சா அது சொல்றது உனக்குக் கேக்காது. நான் சொல்றேன், நீ கத்து. இப்ப வலப்பக்கம் நழுவுது. அங்க கொட்டச் சொல்லு."

"வலப்பக்கம்! வலப்பக்கம் கொட்டுங்க!" என்று காசி முழங்கினான். அவள் முணுமுணுத்ததை அவன் முழங்க, அவன் முழங்கியவாறு நானூறு கைகள் மண் கொட்டின. இடப்புறம் என்றாள், இடப்புறம் கொட்டின. பொறுங்கள் என்றாள், நானூறு கைகளும் கூடையை ஏந்தியபடியே அந்தரத்தில் நின்றன. ஒரு பெண்ணின் உள்ளங்கையில், ஒரு மூங்கிலின் வழியே, ஓர் ஏரி தன் நோவைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏழு ஊர்கள் கேட்டுக்கொண்டிருந்தன. துறையில் அன்று நகைத்தவர்களும் அங்கிருந்தனர். அவர்களே மிகுதியாக மண் சுமந்தனர் என்று கூறுவர்.

ஞாயிறு ஏலகிரிக்குப் பின் சாய்ந்தபோது, "இப்ப ஒண்ணும் இல்ல," என்றாள். "சும்மா கீது." பனைமரத்தடி ஈரமாய் மட்டும் இருந்தது. களிமேட்டில் பாதிவரை புதைந்துவிட்ட கழையை எடுத்தால் தோல் விலகும் என்று வேலாயுதம் தயங்கிச் சொன்னார். அவளுக்கும் அது தெரியும். ஆனால் கைகளை எடுக்க முயன்றபோது விரல்கள் விரியவில்லை. கழையோடு கழையாய் இறுகிப் போயிருந்தன. காசி அவள் முன் மண்டியிட்டு, சிறுவிரலில் தொடங்கி, ஒவ்வொன்றாக, முள்ளெடுப்பவன் போல மெல்லப் பிரித்தெடுத்தான். கடைசி விரல் விடுபட்டபோதுதான் அவள் அழுதாள். 

கரைக்குக் கீழே கூரைகளினின்று அடுப்புப்புகை எழுந்தது. மேட்டுக்கு ஓடியவர் திரும்பி உலையேற்றிக்கொண்டிருந்தனர். எங்கோ ஒரு தாய் தன் மகவை வைதாள். எங்கோ ஆட்டுக்குட்டி கத்திற்று. தோணியில் அமர்ந்து அவ்வோசைகளைச் செண்பகம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்வேன். ஏழு ஊர்களும் அவ்வாண்டு நெல் அறுத்தன. அப்துல் ஹமீதின் குழிகள் சில திங்கள் வெறுமையாய்க் கிடந்தன, அதைப்பற்றி அவரிடம் யாரேனும் பேச்செடுத்தால், "தோலு மாட்டைக் காக்கத்தான் பொறந்துச்சு. அன்னைக்கு ஊரைக் காத்துச்சு," என்பார். அடுத்த கோடையில் பழைய மதகைக் கல்லால் கட்டினர். கழை கட்டுமானத்துக்குள்ளேயே மறைந்தது. ஒவ்வொரு மழைக்கும் முன்னே வேலாயுதம் தாமே செண்பகத்தின் வாயிலுக்கு வந்து, "வாம்மா, கரையைப் பாத்துட்டு வரலாம்," என்று அழைத்துச் செல்வதை வழக்கமாக்கிக்கொண்டார்.

இழந்த கழைக்கு ஈடாக வேலாயுதம் அவளுக்குத் தந்த சவுக்குக் கழி நேரானது, வலியது, கனமானது. மலையில் மூங்கில் இல்லாத அப்பதினைந்து ஆண்டுகளும் அவள் அதனையே ஊன்றினாள். ஒருநாள் படுகையில் தோணி ஓடிக்கொண்டிருக்கையில் காசி வலையைத் தோளிலிட்டபடியே திரும்பிக் கேட்டான்: "இது எப்படி கீது?"

"ஊமை," என்றாள் செண்பகம். பின், "ஆனாலும் தள்ளுது," என்று சொல்லி ஊன்றினாள்.

பெருநீரின் கீழ் வாழும் மாந்தர் பலர்; அந்நீரின் மெல்லிய இழுப்பை உணரும் கை ஒன்றோ இரண்டோ. அக்கை பேசும்போது செவிசாய்க்கும் நாளில் ஊர் பிழைக்கிறது. பிழைத்த ஊர் உலையேற்றி உண்டு உறங்குகிறது. உணர்ந்த கையோ, மறுநாள் விடியலில், கிடைத்த கோலைப் பற்றிக்கொண்டு மீண்டும் நீருக்குப் போகிறது.